கோட்டுப் பையில் பார்லி: ஐரிஷ் கிளர்ச்சிக் கவிதைகளில் குறியீடு

1798 ஜூன் மாதம். அயர்லாந்தின் தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்டு பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் தங்கி அடுப்பு மூட்ட வழியில்லை. மேல்கோட்டுப் பைகளில் பார்லியை அள்ளிப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பசிக்கு அதுதான். 21ஆம் தேதி வினிகர் ஹில் என்ற குன்றில் அரசுப் படை அவர்களை மடக்குகிறது. அந்தப் பக்கம் பீரங்கி, இந்தப் பக்கம் ஈட்டியும் அரிவாளும். செத்தவர்களைக் கோடித்துணியும் பெட்டியும் இல்லாமல் குழியில் தள்ளி மூடினார்கள். ஆகஸ்டில் அந்தக் குழிமேட்டில் பார்லி முளைத்து நின்றது.

ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1966இல் எழுதிய ஒரு கவிதை இவ்வளவுதான் சொல்கிறது. மொத்தம் 14 வரி. தலைப்பைத் தமிழில் 'கிராப்பிகளுக்கு ஓர் இரங்கற்பா' என்று சொல்லலாம். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களைப் பார்த்துத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டதால் அந்த விவசாயிகளுக்குக் கிடைத்த பட்டப்பெயர் கிராப்பி. கவிதையைப் பேசுவதும் அவர்கள்தான், அதாவது செத்தவர்கள். 'எங்களைப் புதைத்தார்கள்' என்று சொல்கிறார்கள். விடுதலை, தியாகம், மறுபிறப்பு என்ற சொற்களில் ஒன்றுகூடக் கவிதையில் இல்லை. ஆனால் கடைசி வரியைப் படித்ததும் மூன்றும் மனதுக்குள் வந்துவிடுகின்றன. எப்படி வந்தன என்று கேட்டால், குறியீடு என்றால் என்ன என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

'வீரர்கள் விதைகளாக விழுந்தார்கள்' என்று ஹீனி எழுதியிருந்தால் அது உருவகம். படிக்கிறோம், புரிகிறது, முடிந்தது. அவர் அப்படி எழுதவில்லை. முதல் வரியில் பார்லி வெறும் பார்லி, பையில் கிடக்கும் சாப்பாடு. நமக்குப் பார்லி என்றால் காய்ச்சல்காரருக்குக் காய்ச்சிக் கொடுக்கும் கஞ்சி நினைவுக்கு வரும். அங்கே அது வயல், கூலி, அன்றாடம். கடைசி வரியிலும் அது பார்லிதான், ஒரு தாவரம். இந்த இரண்டு பார்லிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான பேர் சாகிறார்கள். அந்தச் சாவு அதன் மேல் ஏறிக்கொள்கிறது. குறியீடு முதலில் ஒரு பொருளாக இருந்தாக வேண்டும். அர்த்தம் அப்புறம்தான் வந்து உட்கார வேண்டும்.

சங்க அகப்பாட்டில் உள்ளுறை (வெளியே சொல்லாமல் உள்ளே வைத்த பொருள்) படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். எருமை தாமரையை மேய்கிறது என்று தோழி சொன்னால், தலைவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஐரிஷ் அரசியல் கவிதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பெண், ரோஜா, பச்சை, யாழ் எல்லாம் பல நூற்றாண்டுகளாகத் தெருவில் புழங்கிய குறியீடுகள். பாட்டில், கொடியில், நாணயத்தில், பீர் புட்டியில்கூட இருக்கின்றன. (கின்னஸ் கம்பெனி யாழைத் தன் வணிகச் சின்னமாக முன்னாலேயே பதிவுசெய்திருந்ததால் அயர்லாந்து அரசின் யாழ் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது.) புதிதாக எழுத வரும் கவிஞர் எந்தக் குறியீட்டைத் தொட்டாலும் அதில் ஏற்கெனவே நூறு பேரின் கைரேகை இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் யார் எப்போது கையில் எடுத்தார்கள் என்று சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெண். பழைய ஐரிஷ் கதைகளில் நாடு ஒரு பெண். அரசன் பட்டம் ஏறுவது என்றால் அவளை மணப்பது. அயர்லாந்துக்கு ஐரிஷ் மொழியில் உள்ள 'ஏரே' என்ற பெயரே எரியு என்ற பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு கதையில், வேட்டைக்குப் போன இளவரசர்கள் ஐந்து பேருக்குத் தாகம். கிணற்றைக் காவல் காக்கிற கிழவி, முத்தம் கொடுத்தால்தான் தண்ணீர் என்கிறாள். பார்க்கவே குமட்டும் உருவம். நியல் என்ற இளவரசன் மட்டும் தயங்காமல் அவளைக் கட்டிக்கொள்கிறான். உடனே அவள் பேரழகியாகி, 'நான்தான் இந்நாட்டின் ஆட்சி' என்கிறாள். கிழவி குமரியாகும் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1902இல் டப்ளின் மேடையில் மறுபடியும் வரப்போகிறது.

1690இல் பாய்ன் நதிக்கரைப் போரிலும் அடுத்த ஆண்டு லிமரிக்கிலும் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸின் தரப்பு தோற்றது. ஐரிஷ் பேசிய கத்தோலிக்கப் பிரபுக்களின் கதை அதோடு முடிந்தது. பல ஆயிரம் வீரர்கள் கப்பலேறி பிரான்சுக்குப் போனார்கள். 'காட்டு வாத்துகள்' என்று அவர்களுக்குப் பெயர். ஊரில் இருந்த கத்தோலிக்கர்கள்மேல் சட்டத்துக்குமேல் சட்டம் வந்தது. 5 பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரைகூட வைத்துக்கொள்ளக் கூடாது. பிரபுக்களை அண்டிப் பிழைத்த கவிஞர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். புரவலர் போனால் புலவர் கதி என்ன என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

இந்தச் சூழலில் செழித்த கவிதை வகைதான் 'ஆஷ்லிங்'. கனவுக் காட்சி என்று பொருள். ஏறக்குறைய எல்லா ஆஷ்லிங்கும் ஒரே அச்சு. கவிஞர் தனியாகப் போகிறார், அல்லது அயர்ந்து தூங்குகிறார். வானத்திலிருந்து இறங்கினாற்போல ஒருத்தி எதிரில் வருகிறாள். கூந்தல், கண், நடை என்று வர்ணனை நீளும். 'நீ வீனஸா? ஹெலனா?' என்று கேட்கிறார். 'நான் ஏரே. என் கணவன் கடல் கடந்து இருக்கிறான், திரும்பி வருவான்' என்கிறாள். கணவன் என்றால் தோற்று நாட்டைவிட்டுப் போன ஜேம்ஸின் ஸ்டூவர்ட் அரச குடும்பத்தவன். கெர்ரி பகுதிக் கவிஞர் ஏகான் ஓ ராஹலியின் புகழ்பெற்ற ஆஷ்லிங்கில் அவள் ஒரு முரட்டுத் தடியனின் பிடியில் சிக்கிக் கிடக்கிறாள். கவிஞரால் அழத்தான் முடிகிறது. அந்தத் தடியன் லண்டனில் சிம்மாசனம் ஏறியவன் என்று கேட்டவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

நாட்டின் பெயரைச் சொல்லத் தடை இருந்ததால்தான் பெண்ணென்று மறைத்துப் பாடினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அரை உண்மையாகவே படுகிறது. ஆஷ்லிங் பெண் பெரும்பாலும் தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறாள். மறைவு எங்கே இருக்கிறது? அவளைப் பெண்ணாக்கியதில் வேறொரு லாபம் இருந்தது. தோற்ற அரசியலைப் பற்றி எத்தனை முறைதான் பாட முடியும்? பிரிந்த கணவனுக்காகக் காத்திருப்பவளைப் பற்றி ஆயுள் முழுக்கப் பாடலாம். ஸ்டூவர்ட்டுகளின் நம்பிக்கை 1746இல் ஸ்காட்லாந்தில் கலடன் போரோடு செத்துப்போனது. அவள் காத்திருப்பை நிறுத்தவில்லை. 1796 டிசம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் பான்ட்ரி விரிகுடா வரை வந்து புயலால் இறங்க முடியாமல் திரும்பின. அதையொட்டி எழுந்த பாட்டில் அவள் 'ஷான் வான் வாக்ட்', அதாவது ஏழைக் கிழவி. கடலில் பிரெஞ்சுக்காரன் வந்துவிட்டான் என்று குதூகலிக்கிறாள். கணவனின் இடத்தில் இப்போது புரட்சிப் படை.

ரோஜாவும் ஒரு பெண்தான். 'ரோஷீன் டுவ்', கறுத்த சின்ன ரோஜா, என்ற பழைய ஐரிஷ் பாட்டு ஒன்று உண்டு. காதல் பாட்டாகவும் படிக்கலாம், நாட்டுப் பாட்டாகவும் படிக்கலாம். 1846இல், உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டைப் பிடித்திருந்த நேரத்தில், ஜேம்ஸ் கிளாரன்ஸ் மாங்கன் இதை ஆங்கிலத்தில் எழுதி 'தி நேஷன்' பத்திரிகையில் வெளியிட்டார். காதல் கிட்டத்தட்ட ஆவியாகிவிட்டது. அந்த ரோஜா வாடி உதிர்வதற்கு முன் எர்ன் நதி ரத்தமாக ஓடும் என்று காதலன் சூளுரைக்கிறான். கறுத்த ரோஜாவுக்குப் பக்கத்தில் சிவப்பு வந்து நின்ற இடம் இது. இங்கிருந்து ரத்தம் விடவே இல்லை.

இப்போது டப்ளின், 1902 ஏப்ரல். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸும் நாடகாசிரியர் லேடி கிரெகரியும் சேர்ந்து எழுதிய 'கேத்லீன் நி ஹூலிஹான்' என்ற குறுநாடகம் மேடையேறுகிறது. கதை நடப்பது 1798இல், பிரெஞ்சுப் படை இறங்கிய கிலாலா பக்கத்துக் குடிசை ஒன்றில். மறுநாள் மூத்த மகனுக்குக் கல்யாணம்; வரதட்சணைப் பணத்தை மேசைமேல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிழவி உள்ளே வருகிறாள். என் வீட்டில் அந்நியர்கள் புகுந்துவிட்டார்கள், என் நான்கு பச்சை வயல்களைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறாள். நான்கு வயல்கள் என்றால் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கொனாக்ட் என்ற நான்கு மாகாணங்கள். மாப்பிள்ளை கல்யாணத்தை மறந்து அவள் பின்னால் போய்விடுகிறான். பாதையில் ஒரு கிழவியைப் பார்த்தாயா என்று தம்பியைக் கேட்கிறார்கள். கிழவியைப் பார்க்கவில்லை, ஒரு இளம்பெண்ணைப் பார்த்தேன், ராணி மாதிரி நடந்து போனாள் என்கிறான் அவன்.

கிணற்றடிக் கதையேதான், ஒரு திருகலோடு. அங்கே முத்தத்தால் இளமை வந்தது. இங்கே இளைஞர்கள் சாகச் சம்மதித்தால் வருகிறது. கேத்லீனாக நடித்தவர் மாட் கான்: யேட்ஸ் பல வருடங்களாகக் காதலித்தவர், கேட்டபோதெல்லாம் மறுத்தவர், நாடகத்தில் மட்டுமல்ல, நிஜத்திலும் புரட்சிக்காரர். 36 வருடம் கழித்து, முதுமையில் எழுதிய ஒரு கவிதையில் யேட்ஸ் தன்னையே கேட்டுக்கொள்கிறார்: ஆங்கிலேயர் சுட்டுக் கொன்ற சிலரை அந்தச் சாவுக்கு அனுப்பியது என் நாடகம்தானோ? குறியீடு என்பது ஏதோ வகுப்பறைச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் காட்ட வேண்டும்.

அவர் சொல்வது 1916 ஈஸ்டர் கிளர்ச்சியை. ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. ஆயிரத்துச் சொச்சம் பேர் டப்ளினின் முக்கியக் கட்டடங்களைப் பிடித்தார்கள்; தலைமையகம் பொதுத் தபால் நிலையம். அதன் வாசலில் பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தைப் படித்தார். அயர்லாந்து எங்கள் வழியாகத் தன் பிள்ளைகளைத் தன் கொடிக்கு அழைக்கிறாள் என்று அது தொடங்குகிறது. அரசியல் ஆவணத்துக்குள்ளேயே அந்தப் பெண் வந்துவிட்டாள் பாருங்கள். ஆச்சரியமில்லை. கையெழுத்திட்ட ஏழு பேரில் பியர்ஸ், தாமஸ் மெக்டோனா, ஜோசப் பிளங்கெட் மூவரும் கவிஞர்கள். ஆறாம் நாள் சரணடைந்தார்கள். மே 3 முதல் 12 வரை 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் ரோஜர் கேஸ்மென்ட் என்ற இன்னொரு புரட்சிக்காரர் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். மொத்தம் 16.

அதிர்வு சென்னை வரை வந்தது. டப்ளின் நாடக வட்டத்தில் இருந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், 1915இல் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகைக்கு வேலைக்கு வந்திருந்தார். இந்தக் கிளர்ச்சியைப் பாராட்டி எழுதியதில் அந்த வேலை போயிற்று.

சுடப்பட்ட கவிஞர்களின் கையில் குறியீடு எப்படி இருந்தது? எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்தது. 'நான் அயர்லாந்து' என்ற பியர்ஸின் சின்னஞ்சிறு ஐரிஷ் கவிதையில் நாடே பேசுகிறது: பழங்கதை வீரன் குஹூலினைப் பெற்றவள் நான், என் பிள்ளைகளே என்னை விற்றார்கள். பிளங்கெட்டின் ஒரு கவிதைத் தலைப்பே 'சின்னக் கறுத்த ரோஜா கடைசியில் சிவக்கும்' என்பதுதான். அவருடைய இன்னொரு கவிதையில் ரோஜாவின் மேல் தெரிவது கிறிஸ்துவின் ரத்தம். நாட்டின் ரோஜா, சிலுவையின் ரத்தம், ஈஸ்டரின் உயிர்த்தெழுதல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 1915 ஆகஸ்டில் டப்ளின் கல்லறைத் தோட்டத்தில், ஓடோனவன் ரோஸா என்ற பழைய புரட்சிக்காரரின் அடக்கத்தின்போது பியர்ஸ் ஒரு உரை ஆற்றினார். சாவிலிருந்து உயிர் முளைக்கிறது, தேசபக்தர்களின் கல்லறைகளிலிருந்து தேசங்கள் முளைக்கின்றன என்பது அதன் சாரம். ஹீனியின் பார்லி எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

இந்த வாதத்தை யேட்ஸ் பிற்பாடு 'ரோஜா மரம்' என்ற குட்டிப் பாட்டில் அப்படியே எடுத்து வைத்தார். பியர்ஸும், பிரகடனத்தில் கையெழுத்திட்ட இன்னொருவரான ஜேம்ஸ் கானலியும் வாடிய ஒரு செடியைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் விட்டால் துளிர்க்கும் என்கிறார் கானலி. கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறதே, தண்ணீருக்கு எங்கே போவது? நம்முடைய சிவந்த ரத்தம்தான் இருக்கிறது என்கிறார் பியர்ஸ். நாட்டுப்புறப் பாட்டின் மெட்டு. இரண்டு பேர் தோட்ட வேலை பேசுகிற தொனி. அந்தச் சாதாரணத் தொனிதான் முதுகைச் சில்லிட வைக்கிறது. இவர்கள் சொல்வதைக் கவிஞர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாட்டில் எங்கும் இல்லை. அந்த வாரத்தில் செத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கிளர்ச்சிக்காரர்களும் இல்லை, சிப்பாய்களும் இல்லை. நகரத்துச் சாதாரண ஜனங்கள். செடியில் அவர்களுக்கு இடமில்லை.

சரி, இனி 'ஈஸ்டர், 1916'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். யேட்ஸ் இதை 1916 செப்டம்பர் 25 என்று தேதியிட்டு முடித்தார். 25 பிரதி மட்டும் தனியாக அச்சாகி நண்பர்கள் கைக்குப் போயின. பொதுவில் வந்தது 1920இல்தான். நான்கு பகுதிகள், 16, 24, 16, 24 என்று வரிகள். கிளர்ச்சி தொடங்கியது நான்காம் மாதம் 24ஆம் தேதி, வருடம் 16. கணக்கு போட்டுத்தான் கட்டினார் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டுக் கவிதை புரிந்துவிட்டது என்று எழுந்து போகிறவர்களும் உண்டு.

தொடக்கம் தெருவில். சாயங்காலம் கடையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வெளியே வரும் முகங்களைக் கவிஞர் எதிர்கொள்கிறார். தலையை ஆட்டி, ஒப்புக்கு ஒரு மரியாதை வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறார். அப்போதே, இவர்களை வைத்து கிளப்பில் என்ன கிண்டல் கதை சொல்லலாம் என்று யோசனை ஓடுகிறது. நாமெல்லாம் கோமாளி உடை போடும் ஊரில் இருப்பவர்கள்தானே என்ற நினைப்பு அவருக்கு. கோமாளியின் உடை பல நிறத் துண்டுகளால் ஆனது. இந்த உடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்லவி: எல்லாம் மாறிவிட்டது, அடியோடு மாறிவிட்டது, பயங்கரமான ஓர் அழகு பிறந்திருக்கிறது.

இரண்டாம் பகுதியில் நான்கு பேர், பெயர் சொல்லாமல். கிளர்ச்சியில் சேர்ந்த பெண் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச், பியர்ஸ், மெக்டோனா. நான்காவது ஆளைக் குடிகாரன், வீண்ஜம்பக்காரன் என்கிறார். அது ஜான் மெக்பிரைட், மாட் கானை மணந்து பிரிந்தவர். என் மனதுக்கு நெருங்கியவர்களுக்குக் கொடுமை செய்தவன், ஆனாலும் அவனையும் பாட்டில் சேர்க்கிறேன் என்கிறார் யேட்ஸ். வஞ்சம் தீர்க்காமலும் விடவில்லை, மரியாதை கொடுக்காமலும் விடவில்லை.

மூன்றாம் பகுதிக்கு வந்தால் டப்ளின் காணாமல் போகிறது. துப்பாக்கி இல்லை, தபால் நிலையம் இல்லை. ஓர் ஓடை. சாலையிலிருந்து வரும் குதிரை, அதன்மேல் ஆள், மேகத்துக்கு மேகம் தாவும் பறவைகள், தண்ணீரில் விழுந்த மேகத்தின் நிழல். நிமிடத்துக்கு நிமிடம் எல்லாம் மாறுகின்றன. குதிரையின் குளம்பு கரையில் வழுக்குகிறது. நீண்ட காலுள்ள நீர்க்கோழி முங்குகிறது; பெட்டை சேவலைக் கூப்பிடுகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கல். அது மட்டும் அசையவில்லை. கோடையிலும் குளிரிலும் ஒரே நோக்கத்தைப் பிடித்துக்கொண்ட இதயங்கள் மந்திரத்தில் கட்டுண்டு கல்லானாற்போல, ஓடுகிற ஓடையைக் கலக்குகின்றன.

இந்தக் கல் என்ன? முதன்முறை படிப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். கல் என்றால் உறுதி, ஆகவே பாராட்டு. இல்லாவிட்டால், கல் என்றால் ஈரமில்லாமை, ஆகவே கண்டனம். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் மொழியில் கல்நெஞ்சும் உண்டு, நடுகல்லும் உண்டு. ஒரே கல் வசவாகவும் வணக்கமாகவும் இருக்க முடியும் என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. யேட்ஸின் கல்லும் இரண்டையும் ஒருசேரத் தாங்குகிறது. இன்னொன்றும் உண்டு: கல் இருப்பதால்தான் தண்ணீரில் சுழிப்பு. அது இல்லாத ஓடை அமைதியாகப் போயிருக்கும், முதல் பகுதியின் கிளப் பேச்சு மாதிரி.

நான்காம் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. தியாகம் அளவுக்கு மீறி நீண்டால் நெஞ்சைக் கல்லாக்கிவிடும், எப்போது போதும் என்றாகும் என்று கேட்கிறார். நம் வேலை பெயர்களை முணுமுணுப்பது, ஓடியாடிக் களைத்துத் தூங்கிப்போன பிள்ளையின் பெயரைத் தாய் சொல்வதுபோல என்கிறார். அழகான உவமை, எந்தக் கவிஞரும் இதில் திருப்திப்பட்டு நின்றிருப்பார். யேட்ஸும் ஒரு கணம் நிற்கிறார்: இது இரவு கவிவதுதானே? அடுத்த வரியில் அவரே அதைத் தட்டிவிடுகிறார்: இல்லை, இல்லை, இரவில்லை, சாவு. உறக்கம், இரவு என்று சாவை மெத்தையில் கிடத்தும் பழைய குறியீடு கைக்கு வந்தது. பிடித்தவுடன் கீழே போட்டுவிட்டார். அப்புறம் கேட்கக் கூடாத கேள்வியையும் கேட்டுவிடுகிறார்: ஒருவேளை இந்தச் சாவு அவசியமே இல்லையோ? ஏனென்றால் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் சட்டம் 1914இலேயே நிறைவேறி, உலகப் போரைக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கவும் கூடும்.

விடை சொல்லாமல் பெயர்களை எழுதுகிறார். மெக்டோனா, மெக்பிரைட், கானலி, பியர்ஸ். இவர்கள் இன்றும் வரும் காலத்திலும், பச்சை உடுத்தும் இடமெல்லாம், அடியோடு மாறிப்போனவர்கள். பச்சை 1798 கிளர்ச்சிக்காரர்களின் நிறம். பச்சை உடுத்தினால் தூக்கில் போடுகிறார்கள் என்று அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று புலம்புகிறது. முதல் பகுதியின் கோமாளி உடை கடைசிப் பகுதியில் பச்சையாகிவிட்டது. அவரவர் துண்டுத் துணிகளோடு இருந்தவர்களுக்கு ஒரே நிறம். அது வெற்றியா, இழப்பா? கல்லிடம் கேட்ட கேள்விதான் இதுவும்.

கவிதை போய்ச் சேர்ந்ததும் மாட் கான் என்ன சொன்னார் தெரியுமா? அந்தக் கோடையில் நார்மண்டியில் அவர் வீட்டில் தங்கி, மெக்பிரைட் இறந்தபின், யேட்ஸ் மறுபடியும் கல்யாணம் கேட்டு மறுபடியும் இல்லை என்று கேட்டிருந்தார். நவம்பரில் மாட் கான் கடிதம் எழுதினார்: உன் கவிதை எனக்குப் பிடிக்கவில்லை, அது உனக்கும் தகுதியில்லை, எடுத்துக்கொண்ட பொருளுக்கும் தகுதியில்லை. தியாகம் எந்த நெஞ்சையும் கல்லாக்கியதில்லை என்பது அவர் வாதம். கேத்லீனாக மேடையேறியவர் கல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. யார் சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் கடிதம் எழுதியவர் குறியீட்டைச் சரியாகவே படித்திருக்கிறார். வாழ்த்துப் பாவில் இந்தக் கல்லுக்கு வேலை கிடையாது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

அதே ஆண்டில் இன்னொரு கவிதை, சத்தமே போடாமல். பிரான்சிஸ் லெட்விட்ஜ், ஸ்லேன் கிராமத்துக்காரர், சாலை வேலை பார்த்தவர், 1914இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். அவருடைய நண்பர் மெக்டோனாவை அதே பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றது. லெட்விட்ஜ் 12 வரியில் ஓர் இரங்கற்பா எழுதினார். அவனுக்கு இனி நாரையின் குரல் கேட்காது என்று தொடங்குகிறது. குறிப்பாக அந்த நாரை ஏன்? தாகத்தால் செத்துக் கிடந்த மஞ்சள் நாரையைப் பற்றிய ஐரிஷ் பாட்டு ஒன்றை மெக்டோனா மொழிபெயர்த்திருந்தார். நண்பனின் சொல்லையே நண்பனுக்கு மாலையாகப் போடுகிறார். கடைசியில் ஒரு கறுத்த பசு களை மண்டிய மேய்ச்சலை விட்டு நல்ல புல்வெளிக்குப் போய் விடியலில் கத்தும்; அது ஒருவேளை அவனுக்குக் கேட்கலாம். பழைய ஐரிஷ் பாட்டில் அந்தப் பசுவும் அயர்லாந்துதான். தெரியாதவருக்கு அது ஒரு பசு. தெரிந்தவருக்கு, பிரிட்டிஷ் சீருடையில் நின்று ஒருவன் சொல்ல முடிந்த மிகப் பெரிய வாக்கியம். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் ஒரு குண்டு விழுந்து லெட்விட்ஜ் செத்தார்.

இனி ஹீனியின் பார்லிக்குத் திரும்பலாம். அவர் அதை எழுதியது 1966இல், ஈஸ்டர் கிளர்ச்சியின் 50ஆம் ஆண்டில். 1798இல் விதைத்தது 1916இல் பூத்தது என்று காட்டத்தான் எழுதினேன் என்று அவரே பின்னால் விளக்கினார். வட அயர்லாந்தில் கத்தோலிக்கச் சிறுவனாக வளர்ந்தவர். பள்ளிப் பாடத்தில் சேராத தன் ஜனங்களின் சரித்திரத்துக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. புத்தகமாக வந்தது 1969இல். அந்த ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட் தெருக்கள் எரிந்தன. வெடிகுண்டுகள், மறைந்திருந்து சுடுதல், பழிக்குப் பழி என்று முப்பது ஆண்டு போயிற்று. கல்லறையிலிருந்து முளைக்கும் பார்லி இப்போது பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த ஐ.ஆர்.ஏ. இயக்கத்துக்கு ஆள் சேர்க்கும் பாட்டாகக் கேட்க ஆரம்பித்தது. ஹீனி அதை மேடையில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கவிதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்கிற காது மாறிவிட்டது.

அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள்? 1916க்கு முன்னும் பின்னும் அவளைப் பாடிய கவிஞர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவளுக்காகச் சாவதும் ஆண்கள்; அழுவதும் அழைப்பதும் அவள் வேலை. பியர்ஸ் சாவதற்கு முன் எழுதிய 'தாய்' கவிதையில், என் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை என்று தாய் சொல்கிறாள். அதை எழுதியது மகன் என்பதை மறக்க வேண்டாம். தம்பி வில்லியையும் மறுநாளே சுட்டார்கள். நிஜத் தாய் மார்கரெட் பியர்ஸ் 1921இல் ஐரிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார். இங்கிலாந்தோடு போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தார். கவிதையில் வரும் தாயைவிட இவருக்குப் பேச நிறைய இருந்தது.

ஈவன் போலண்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கவிஞர். குறியீடாக உயர்த்தி வைத்தே பெண்களை வரலாற்றிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1980களில் பியர்ஸின் தலைப்பையே எடுத்து ஒரு கவிதை எழுதினார்: 'நான் அயர்லாந்து'. முதல் வார்த்தையிலேயே, அதற்குத் திரும்பிப் போக மாட்டேன் என்கிறாள் அந்தப் பெண். குஹூலின் இல்லை, ரோஜா இல்லை, நான்கு வயல்கள் இல்லை. படைவீட்டருகே உடம்பை விற்றுப் பிழைக்கும் ஒருத்தி வருகிறாள். அப்புறம், ஊரைவிட்டுப் போகும் கப்பலின் மேல்தளத்தில் ஒருத்தி, குளிரில் ஒடுங்கி, முரட்டுக் கம்பளிச் சட்டையோடு, பாதி உயிர் போன குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். துறைமுகத்தின் அழுக்குத் தண்ணீருக்கு மேல் காற்று திசை மாறி வீசுகிறது.